அம்மிணி, மெமோ என்னைக்கு வந்துச்சு?

திருப்பூரில் அனுப்பர்பாளையத்துக்கு உள்ளே தள்ளி, தகர ஷீட் போட்ட ஒரு ஷெட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறேன். நாலு டேபிள், அடித்த இங்க்கைச் சூட்டில் பிடிக்கவைக்கும் ஒரு கியூரிங் மெஷின், பதினோரு ஆள். பார்ட்டிகள் வெட்டிய பீஸ்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நெஞ்சில் புலியோ பூவோ அடித்துத் திருப்பிக் கொடுப்போம். பீஸுக்கு இத்தனை என்று கூலி. பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு. இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு ஆடிட்டர் உண்டு, கடனுக்கு இங்க் தரும் கடைக்காரர் உண்டு, கரண்ட் போனால் கூப்பிட லைன்மேன் நம்பர் உண்டு. வக்கீல் மட்டும் கிடையாது. அதெல்லாம் காடு தோட்டம் இருந்து, பங்காளிச் சண்டையும் இருப்பவர்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

2023 ஜூன் 16-ஆம் தேதி பேங்கிலிருந்து ஒரு செக் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதைத்தான் ரிட்டர்ன் மெமோ என்பார்கள். காரணம் என்ற இடத்தில் போதிய பணம் இல்லை என்று போட்டிருந்தது.

பார்ட்டி பெங்களூருக்காரர்கள். துணி வாங்கி, இங்கேயே வெட்டி, இங்கேயே தைத்துக்கொண்டு போகிறவர்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் எங்கள் நாலு டேபிளில் மூன்று அவர்களுக்கே ஓடியது. மொத்த பாக்கி 6,90,000 ரூபாய். அதில் 4,38,000-க்கு ஜூன் 10 தேதி போட்டு ஒரு செக். மீதிக்கு “அடுத்த வாரம் பார்க்கலாம் மேடம்” என்ற வாய்ச்சொல். சனிக்கிழமை கூலி போடுவதற்கு நகையை வைத்தேன். அதோடு நிறுத்திக்கொள்கிறேன், அந்தக் கதை வேறு.

வக்கீல் வேண்டும் என்றதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சொந்தத்தில் கேட்டேன். என் நாத்தனார் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு வக்கீல் இருந்தார். பாகப்பிரிவினை, வழித்தடத் தகராறு இவற்றில் கைதேர்ந்தவர் என்று சொன்னார்கள். அது பொய்யில்லை, இன்றைக்கும் அவரிடம் அந்த வேலைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நீங்க எந்த ஊரு, யாரு வீட்டு மருமக?” இரண்டாவது கேள்வி, “வீட்டுக்காரர் வரலீங்களா?” யூனிட் என் பெயரில், ஜிஎஸ்டி என் பெயரில், செக் என் யூனிட் பெயரில். வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் நிட்டிங் சூப்பர்வைசர், பகல் ஷிஃப்ட். இதை விளக்கிவிட்டு மெமோ நகலைக் கொடுத்தேன். ஜூன் 20.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டால் கோர்ட்டில் இருக்கிறார். அடுத்த வாரமும் கோர்ட்டில்தான். ஜூலை இரண்டாம் வாரம் அவரே எடுத்தார். “ஆடி பொறக்கப்போகுது, எதையும் புதுசா ஆரம்பிக்க வேண்டாங்க. ஆடி போகட்டும். அதுவுமில்லாம, பார்ட்டி பெங்களூர்ன்னா கேஸ் அங்கதான் போடணும், செலவு தாங்காது. நானே அவங்ககிட்ட பேசிப் பார்க்கறேன்” என்றார். சரி என்று வைத்துவிட்டேன். எனக்கும் ஆடியில் ஆரம்பிக்க மனசில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு சரி என்ன விலை பெறும் என்று எனக்குத் தெரியாது. செக் மோசடிக்கான சட்டம் 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138. அதன் உயிரே தேதிகளில் இருக்கிறது. செக் திரும்பியதாக பேங்க் தகவல் சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் எதிராளிக்கு அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுப்பதில் தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் 30 நாளைத் தாண்டினால் அதற்கு மன்னிப்பு கிடையாது. என் 30 நாள் முடிந்தது ஜூலை 16. ஆடி 1 அதற்கு மறுநாள்.

பெங்களூரில்தான் கேஸ் என்றதும் தப்பு. 2014-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் கொஞ்ச நாள் அப்படி ஒரு நிலை இருந்தது. 2015-ல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். நம் கணக்கில் போட்ட செக் என்றால், நம் கணக்கு இருக்கும் பேங்க் கிளை எந்த ஊரோ அந்த ஊர் கோர்ட். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஆகஸ்ட் கடைசியில்.

நடுவில் இரண்டு வக்கீல்கள். முதலாவது கோயம்புத்தூரில் பெரிய ஆபீஸ். கண்ணாடி மேஜை, குளிர், காபி. ஆலோசனைக்கு மட்டும் 5,000. பெரியவர் கேட்ட முதல் கேள்வி, “தொகை எவ்வளவு?” சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறாததுதான் எனக்கு உறைத்தது. “ஜூனியர் பார்ப்பார்” என்றார். ஜூனியர் பையன் என் ஃபைலை ஓரத்தில் வைத்துவிட்டு இன்னொரு போனைப் பேசினான். அவன் மேல் தப்பில்லை. என் 4,38,000 அந்த ஆபீஸின் ஒரு மாதக் கரண்ட் பில்லுக்கு வருமோ என்னவோ.

இரண்டாமவர் நெட்டில் தேடிக் கிடைத்தவர். நம்பரைப் பதிந்த அரை மணி நேரத்தில் ஆறு போன். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது. (வக்கீல்களைப் பட்டியல் போட்டு ஆள் பிடித்துக் கொடுக்கும் இணையதளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது.) ஆறு பேரில் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஒரிஜினல் செக் கொண்டாந்திருக்கீங்களா?” ஃபீஸே வேண்டாம், வரும் பணத்தில் நூற்றுக்கு இருபது தந்தால் போதும் என்றார். கேட்கத் தேன் மாதிரி இருந்தது. அப்புறம் எழுதாத பத்திரத்தில் இரண்டு கையெழுத்துக் கேட்டார். டேபிளில் வேலை செய்யும் பெண்கள் சீட்டுக்காரனிடம் இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கி வந்தவள்தான். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதற்கும் இங்கே தடை இருக்கிறது, அதுவும் பின்னால் தெரிந்ததுதான்.

கடைசியில் ஆடிட்டரிடம் போனேன். முதலில் போயிருக்க வேண்டிய இடம். யாருக்குப் பணம் நின்றது, யாருக்கு வந்தது என்று ஊரில் அதிகம் தெரிந்தவர் ஆடிட்டர்தானே. அவர் இரண்டு பெயர் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒரு வேலையும் சொல்லிக்கொடுத்தார். இ-கோர்ட்ஸ் ஆப்பில் வக்கீல் பெயரைப் போட்டே தேடலாம். அவர் ஆஜராகும் வழக்குகள் வரிசையாக வரும். அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். முதல் பெயரைப் போட்டால் முக்கால்வாசி வாகன விபத்து இழப்பீடு. இரண்டாவது பெயரைப் போட்டால் எஸ்.டி.சி., எஸ்.டி.சி. என்று விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. செக் கேஸ்களுக்கு எங்கள் பக்கம் அந்த எழுத்தில்தான் நம்பர் விழும். அதில் பாதிக்கு மேல் முடிந்த வழக்குகள்.

அவரிடம் கேஸ் கொடுத்த ஒருவர் அடுத்த வீதியில் அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருக்கிறார். அவரிடம் விசாரித்தேன். “கண்டிப்பான ஆளுங்க. ஃபீஸ் பாக்கி வச்சா கேட்டுப்போடுவாரு. ஆனா போன் எடுப்பாருங்க” என்றார். எனக்கு அந்தக் கடைசி வரி போதும்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மாடி ரூம். இரும்பு பீரோ, மின்விசிறி, ஒரு குமாஸ்தா. வக்கீலுக்கு அறுபதை ஒட்டிய வயசு. நான் உட்கார்ந்து கதையை ஏப்ரலிலிருந்து ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அம்மிணி, மெமோ என்னைக்கு வந்துச்சு?”

“ஜூன் 16-ங்க.”

“நோட்டீஸ் போச்சா?”

“இல்லீங்க.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வயிறு கலங்கியது. செக்கை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் தேதியைப் பார்த்தார். ஜூன் 10. செக்குக்கு ஆயுள் மூன்று மாதம். முன்பு ஆறு மாதமாக இருந்ததை 2012 ஏப்ரலில் ரிசர்வ் பேங்க் மூன்றாகக் குறைத்துவிட்டது. விரல் கணுவில் எண்ணினார். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் குமாஸ்தா கழற்றிக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் குனிந்து தாள்களைப் புரட்டினார்கள்.

“ஒம்பது, ரெண்டாம் சனி. பேங்க் லீவு. பத்து, ஞாயிறு. அப்போ எட்டாந்தேதிதான் கடைசின்னு வச்சுக்கோ. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இதே செக்கை மறுபடி பேங்க்ல போடு.”

“ஒருக்கா திரும்பினதுங்களே...”

“மறுபடியும் திரும்பட்டும். திரும்பணும்.”

ஆயுள் தீராத செக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். முதல் முறை நோட்டீஸ் தவறியிருந்தாலும், மறுபடி திரும்பும்போது அந்த 30 நாள் புதிதாக ஓட ஆரம்பிக்கும். 1998-லிருந்து இது வேறு மாதிரி இருந்ததாம். 2012-ல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றி அவர் பேசியது இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்குக் காது அடைத்துப் போயிருந்தது. இன்னும் பத்து நாள் கழித்து அந்த மாடிப்படி ஏறியிருந்தால் இந்த வழி முழுசாக அடைபட்டிருக்கும்.

செக் செப்டம்பர் 1 அன்று திரும்பியது. திரும்பி வந்த செக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஃபீஸ் பேச்சையும் சொல்ல வேண்டும். நோட்டீஸுக்கு 2,000. கேஸுக்குத் தீர்ப்பு வரை 18,000, மூன்று தவணை. இதைச் சொல்லிவிட்டு, “ஒண்ணு சொல்லோணும். பொம்பளைகளுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு. மனு கொடுத்தா வக்கீல் போட்டுத் தருவாங்க. யோசிச்சுக்கோ” என்றார். 1987-ஆம் வருஷச் சட்டம் அது. தன் ஃபீஸைத் தானே வெட்டிக்கொள்ளும் ஒரு தகவலை, நான் கேட்காமலே சொன்ன ஆள். நான் யோசிக்கவில்லை. அங்கேயே 2,000 எடுத்து வைத்தேன். ரசீது கொடுத்தார்.

அடுத்த நாள் என் மொத்தக் காகிதத்தையும் கேட்டார். பில், டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), ஜிஎஸ்டி ரிட்டர்ன், பார்ட்டியின் வாட்ஸ்அப் பேச்சு. டெலிவரி சலான் புத்தகம் ஒன்பது எடுத்துப் போனேன். இங்க் கறை, எண்ணெய்க் கறை, ஒன்றில் டீ கொட்டிய வட்டம். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, வாங்கியவர் கையெழுத்து இருப்பதைப் புத்தகம் புத்தகமாகக் குறித்தார். கையெழுத்து உள்ள சலான் எண்கள் ஒரு தாளில், இல்லாதவை இன்னொரு தாளில். இரண்டாவது தாள்தான் நீண்டுகொண்டே போனது. எங்கள் டெம்போ பையன் தையல் யூனிட்டில் பண்டலை இறக்கிவிட்டு, வாட்ச்மேனிடம் தலையாட்டிவிட்டு வந்துவிடுவான். நாங்களும் கேட்டதில்லை. நம்பிக்கைதானே தொழில் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம்.

“உன்ற பொருள் போச்சுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஜட்ஜுக்கு எப்படிம்மிணி தெரியும்?” என்றார். செக் இருக்கும் தொகைக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை, செக் கொடுத்தாலே கடனுக்காகத்தான் கொடுத்தார்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. செக் இல்லாத 2,52,000-க்குத்தான் சலான் வேண்டும். அதற்கு, சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லையும் வாட்ஸ்அப்பில் அவர்களே “பீஸ் வந்துவிட்டது” என்று போட்டதையும் தேடி எடுத்தோம். போனை மாற்றாதே, மெசேஜ் எதையும் அழிக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னார்.

நோட்டீஸ் செப்டம்பர் 7 அன்று பதிவுத் தபாலில் போனது. பார்ட்டி பார்ட்னர்ஷிப் நிறுவனம் என்பதால், நிறுவனத்தின் பெயருக்கு ஒன்று, செக்கில் கையெழுத்துப் போட்ட பார்ட்னர் பெயருக்கு ஒன்று. ஆளுக்கு மட்டும் அனுப்பி நிறுவனத்தை விட்டுவிட்டு மண்ணைக் கவ்விய வழக்குகள் நிறைய உண்டாம்.

பதில் நோட்டீஸ் வந்தது. பிரிண்ட் துவைத்ததும் வெடித்துவிட்டது, சரக்கு வீண், எங்களுக்கு நீங்கள்தான் நஷ்டஈடு தர வேண்டும் என்று. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. பிளாஸ்டிசால் இங்க்கை 160 டிகிரியில் சரியாகக் கியூர் செய்தால் இழுத்தாலும் வெடிக்காது. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பீஸைத் துவைத்துப் பார்த்து, தேதி எழுதி, பாலிதீன் கவரில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கவர்களை அள்ளிக்கொண்டு போய் அவர் மேஜையில் கொட்டினேன். ஒரு புலியை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். வெடிக்கவில்லை. சிரித்தார். “இது நல்லதுதான். இதைவிட நல்லது ஒண்ணு இருக்கு. சரக்கு கைக்குப் போன பதினஞ்சு நாளுக்குள்ள குறைன்னு எழுத்துல சொன்னாங்களா?” இல்லை. முதல் புகாரே இந்தப் பதில் நோட்டீஸ்தான், நாலு மாதம் கழித்து.

அந்தப் பதினைந்து நாள் கணக்கு வேறொரு சட்டத்தில் வருகிறது. 2006-ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. பணத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாளில் தர வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் பேங்கின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. அப்போது பேங்க் ரேட் 6.75. அப்படியென்றால் 20.25 சதவீதம். இந்த உரிமைக்கு உத்யம் என்னும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு வேண்டும். நான் லோனுக்காக 2020-லேயே போட்டு வைத்திருந்தேன். அந்தச் சான்றிதழ் ஆபீஸ் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அது எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆக இரண்டு வழியில் போனோம். செக்குக்கு அக்டோபர் 17 அன்று கோர்ட்டில் புகார். மீதி 2,52,000-க்கு சமாதான் என்னும், சிறு தொழில்களின் பாக்கிக்கான அரசு இணையதளத்தில் விண்ணப்பம். அது இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதிக் கவுன்சிலுக்குப் போகும், முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் தொகையில் முக்கால் பங்கைக் கட்ட வேண்டும். சிவில் கேஸ் போடலாமா என்று கேட்டேன். போடலாம், 3 லட்சத்துக்கு மேற்பட்ட வியாபாரத் தகராறு என்றால் அதற்கு முன் மத்தியஸ்தம், அதற்கு மேல் கோர்ட் கட்டணம், வருஷக் கணக்கு. “இப்போதைக்கு வேண்டாம்” என்றார். வேண்டாம் என்று அவர் சொன்னவற்றுக்குத்தான் நான் ஃபீஸ் கொடுத்தேன் என்று சில சமயம் தோன்றும்.

ஜனவரியில் முதல் வாய்தாவுக்கு அவர்கள் வக்கீல் வந்தார். பிப்ரவரியில் அவரே பேச்சை எடுத்தார். ஏன் திடீரென்று இறங்கி வந்தார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் உண்டு. அந்த வருஷம்தான் வருமான வரியில் 43பி(எச்) வந்தது. என்னைப் போன்ற சின்ன யூனிட்டுக்குக் கெடு தாண்டியும் தராமல் வைத்திருக்கும் பணத்தை, மார்ச் 31-க்குள் கொடுக்காவிட்டால் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. அவர்கள் ஆடிட்டர் ஏதாவது சொல்லியிருப்பார். எங்கள் வக்கீல் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “சம்மன் போச்சு, பயம் வந்துச்சு, அவ்வளவுதான்” என்கிறார்.

4,38,000 முழுசாக, வட்டி இல்லாமல், மூன்று டிடியாக. வட்டியை விட எனக்கு மனசு வரவில்லை. அவர்தான் கணக்குப் போட்டுக் காட்டினார், கேஸ் இன்னும் இரண்டு வருஷம் ஓடினால் என்ன, மேல்முறையீடு போனால் என்ன என்று. மூன்றாவது டிடி பணமான பிறகுதான் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ள மனுவில் கையெழுத்துப் போட விட்டார். இரண்டாவது டிடி வந்ததுமே அவர்கள் அவசரப்படுத்தினார்கள். “மூணாவது வரட்டும்” என்று குமாஸ்தாதான் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். 2,52,000 இன்னும் கவுன்சிலில் இருக்கிறது. சமரசம் ஆகவில்லை, நடுவர் தீர்ப்புக்குப் போயிருக்கிறது.

இப்போது எங்கள் டிசி புத்தகத்தில் கீழே ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறோம். பெற்றவர் பெயர், கையெழுத்து, சீல், நேரம். அச்சாபீஸில் கொடுக்கும் முன் வக்கீலுக்குப் படம் அனுப்பினேன். “நேரம் எதுக்கு, தேதி போதும். பெயரைப் பெரிய எழுத்துல எழுதச் சொல்லு, கையெழுத்து யாருக்கும் புரியாது” என்று பதில் வந்தது. நேரத்தை எடுத்துவிட்டேன்.

டெம்போ பையனுக்குத்தான் இதில் எரிச்சல். போன வாரம் காங்கயம் ரோட்டில் ஒரு யூனிட்டில் நூற்று இருபது பண்டல் இறக்கிவிட்டு வந்து நின்றான். புத்தகத்தைப் பிரித்தால் கட்டம் காலி. “வாட்ச்மேன் மட்டும்தாங்க்கா இருந்தாரு” என்றான். வாட்ச்மேனுக்குப் பெயர் இருக்கும் அல்லவா என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். டீசல் போகவர முப்பது கிலோமீட்டருக்கு. பரவாயில்லை, போகட்டும்.